வலப்பக்கப் பொத்தான்

பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள் மோட்டார் கரகரவென்று சுற்ற ஆரம்பித்தது. அதோடு சரி. விளக்குகள் எரிந்தன, கண்ணாடிக்குப் பின்னால் எண் சக்கரங்கள் புரண்டன. ஆனால் பந்து வெளியே வரவில்லை, மோட்டாரும் நிற்கிற வழியாக இல்லை. நாத்தனார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"எத்தனை நாளா இப்படி, அண்ணி?"

"நாலு வருஷம் இருக்கும். லீவு கிடைக்கட்டும், பாக்குறேன்னு உங்கண்ணன் சொல்லிட்டே இருந்தார்."

லீவு கிடைத்தது, ஆஸ்பத்திரியில். ஐந்து வாரத்துக்கு முன்னால் அவர் பஸ்ஸை டிப்போவில் கொண்டுபோய் ஒழுங்காக நிறுத்திவிட்டு, சாவியைக் கொடுக்கக் கையை நீட்டப் பார்த்தார். கை வரவில்லை. பக்கவாதம் என்றார்கள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டது. பிடித்துக்கொண்டு நாலு எட்டும் வைக்கிறார். வலது கை மட்டும் யாரிடமோ இரவல் வாங்கி வைத்தது போல மடியில் கிடக்கிறது. நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பிசியோதெரபிப் பெண் அவர் மனைவியைத் தனியே கூப்பிட்டு, "விரலுக்கு வேலை குடுங்க. ரப்பர் பந்தைக் குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. அவருக்குப் பிடிச்சது ஏதாவது இருந்தா பாருங்க" என்று சொல்லியிருந்தாள்.

அவருக்குப் பிடித்தது எதுவென்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு துணி போர்த்திக் கிடந்தது அந்தப் பின்பால் மெஷின். மூடிவிட்ட ஏதோ ஒரு விளையாட்டுக் கடையிலிருந்து கல்யாணத்துக்கு முன்பே அவர் வண்டி பிடித்து ஏற்றி வந்தது. சாய்ந்த பலகை, அதன்மேல் கண்ணாடி, கீழ்முனையில் பந்தைத் தட்டிவிட இரண்டு குட்டி மட்டைகள், அவற்றை ஆட்டப் பெட்டியின் இரு பக்கமும் ஒவ்வொரு பொத்தான். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் அதற்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி.

அதைப் பழுது பார்க்க ஊரில் வேறு ஆள் இல்லை. நாத்தனாரைக் கூப்பிட அவள் மூன்று தடவை போனை எடுத்துத் திரும்ப வைத்தாள். நாற்பத்து மூன்று வயதாகியும் குடும்பத்துக்கு நாத்தனார் இன்னும் குட்டிதான். வேலையில் லிஃப்ட் மெக்கானிக். ஆறு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, மெஷினை எந்த அறையில் வைப்பது என்ற பேச்சில், பத்துப் பேர் நடுவில், "எங்கண்ணன் இந்த வீட்ல சத்தமா மூச்சு விடணும்னாக்கூட உங்களக் கேக்கணும் போலிருக்கே" என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் இருவருக்கும் நடுவில் 'சாப்டாச்சா', 'ஆச்சு' என்ற அளவில்தான் பேச்சு. போனில் விஷயத்தைச் சொன்னதும் குட்டி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பகல் சாப்பாடு முடிவதற்குள் கருவிப் பையோடு வாசலில் நின்றாள்.

இருவருமாகக் கண்ணாடியை உருவி எடுத்தார்கள். பலகையைத் தூக்கிக் கட்டையால் முட்டுக் கொடுத்தபோது அடிப்பக்கம் தெரிந்தது. துணி சுற்றிய ஒயர்கள், செம்புக் கம்பிச் சுருள்கள், விரல் நீளத் தகடுகள் இரண்டிரண்டாக அடுக்கிய சுவிட்சுகள் ஐம்பதோ அறுபதோ. பெட்டியின் உள்சுவரில் நூலில் ஒரு நோட்டு தொங்கியது. குட்டி அதைப் புரட்டிப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். "அண்ணன் ரிப்பேர் பண்ணதெல்லாம் எழுதி வெச்சிருக்காரு" என்று மட்டும் சொல்லி, அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகு பலகையை இறக்கி, பிளக்கைத் திரும்பச் சொருகி, பின்பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நான்கு எண் சக்கரங்களில் மூன்று பூஜ்யத்துக்கு வந்து நின்றுவிட்டன. ஒன்று மட்டும் பூஜ்யத்தைத் தாண்டித் தாண்டிச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"லிஃப்ட்ல கதவு மூடிச்சுன்னு சேதி வராம வண்டி நகராது அண்ணி. இதுவும் அதே கதைதான். நாலு சக்கரமும் பூஜ்யத்துக்கு வந்துட்டேன்னு சொன்னாத்தான் மோட்டார் நிக்கும். இந்தத் துரை வந்தும் வாயத் திறக்க மாட்டேங்குறார்."

மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சக்கரத்தின் பின்னால் டார்ச் அடித்தால், பூஜ்யத்தில் பிரிய வேண்டிய இரண்டு தகடுகள் முனை கருகி ஒட்டிக் கிடந்தன. குட்டி அவற்றைப் பிரித்து, மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, துடைத்து, தகட்டைக் கொஞ்சம் நிமிர்த்திவிட்டாள். மறுபடி பொத்தானை அழுத்தினார்கள். கரகர, கரகர, டக். மோட்டார் நின்றது. நான்கு வருடமாக உள்ளே அடைந்து கிடந்த பந்து உருண்டு வெளியே வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் "ஆ" என்றார்கள், பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டார்கள்.

குட்டி ஸ்பிரிங் பிடியை இழுத்துப் பந்தை உள்ளே விட்டாள். அது முட்டிய இடமெல்லாம் விளக்கு மின்னியது, எண்கள் ஏறின.

"எண்ணு ஏறுது. மணி சத்தத்தக் காணோமே?" என்று மறுபடி பலகையைத் தூக்கி முட்டுக் கொடுத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மணிக்குப் போகிற ஒயரை விரலால் தொட்டுக்கொண்டே போனாள் குட்டி.

டார்ச் பிடித்திருந்தவள் வெளிச்சத்தை அதன் பின்னாலேயே நகர்த்தினாள். அந்த விரல் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு சாண் தூரம். அரைச் சாண்.

"குட்டி, தேட வேண்டாம்மா" என்றாள். "அது நான் பண்ண வேலை."

மகளுக்கு அப்போது ஆறு மாதம். வயிற்று வலியில் விடிய விடிய அழுதுவிட்டுப் பகலில்தான் கண்ணை மூடுவாள். சரியாக அந்த நேரத்தில் டியூட்டி முடிந்து வந்து இவர் மெஷினைத் தட்டுவார். மணி ஒவ்வொன்றும் தொட்டிலில் போய் விழும். அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. கம்பியும் திருகும் பழகிய கை. ஒருநாள் அவர் இல்லாதபோது பலகையைத் தூக்கி, மணிக்குரிய தகடுகளைக் கண்டுபிடித்து, நடுவில் பால்பவுடர் டப்பா அட்டையை வெட்டிச் சொருகிவிட்டாள். பத்து நாளில் எடுத்துவிடுவோம் என்று நினைத்தாள். மறந்தாள். நினைவு வந்தபோது சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு சொல்கிற காலமே தாண்டிவிட்டது. மகள் இப்போது வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். பாவம் மனுஷன், பழுது பிடிபடாமலே ஊமை மெஷினோடு விளையாடினாரே என்று இந்த ஐந்து வாரமும் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து நினைத்திருக்கிறாள்.

"நீ அன்னைக்குச் சொன்னது சரிதான்" என்று முடித்தாள். "சத்தத்தக்கூட நான்தான் நிறுத்தினேன்."

குட்டி பையிலிருந்து நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தை விரித்து நீட்டினாள். அவர் கையெழுத்து, சரியாக இருந்த கை எழுதியது.

'மணி அடிக்கவில்லை. அட்டை சொருகியிருக்கிறது. அவள் வேலை. பாப்பா தூங்குகிறாள். எடுக்க வேண்டாம்.'

நாலைந்து பக்கம் தள்ளி: 'பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். இனி எடுக்கலாம். அவளே எடுக்கட்டும்.'

இன்னும் தள்ளி: 'மணி இல்லாமலே பழகிவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும்.'

கண்ணில் எழுத்து மங்குகிற வரை அவள் படித்தாள்.

"வந்த உடனேயே படிச்சுட்டேன்" என்றாள் குட்டி. "நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தேன்."

"சொல்லலேன்னா?"

"மணிக் கம்பிச் சுருள் போச்சு, புதுசு கிடைக்காதுன்னு சொல்லிட்டுக் கிளம்பிருப்பேன்." அரத்தைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். "அன்னைக்கு நான் பேசினது ஜாஸ்தி, அண்ணி. எங்கண்ணன் பயந்துக்கிட்டு இருக்காருன்னு நெனச்சேன்."

அவள் குனிந்து அட்டையை உருவினாள். பழுப்பேறிய துண்டில் ஒரு குழந்தையின் பாதிக் கன்னம் இருந்தது. இருவரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவள் போய் டீ போட்டு வந்தாள்.

டீயைக் குடித்தபடியே குட்டி பிளக்கைச் சொருகிப் பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்திப் பார்த்தாள். மட்டைகள் இரண்டும் துள்ளின. "முடிஞ்சுது."

"இல்ல" என்றாள் அவள். "வலது பொத்தான் அவருக்குக் கஷ்டம்."

தினமும் சாயங்காலம் வார்டில் அவர் ஆள்காட்டி விரலுக்கடியில் தன் உள்ளங்கையை வைத்து, அமுக்குங்க, அமுக்குங்க என்று சொல்லியிருக்கிறாள். அந்த விரல் எவ்வளவு அமுக்கும் என்று டாக்டருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். மூக்குக் கண்ணாடிக் கம்பியை வளைக்கிற தன் சின்னக் குறட்டை எடுத்து வந்தாள். பொத்தானுக்குப் பின்னால், அழுத்தினால் சேர வேண்டிய இரண்டு தகடுகளுக்கு நடுவில் நெல்மணி நுழைகிற இடைவெளி இருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, ஒரு தகட்டை மெல்ல மற்றதன் பக்கம் வளைத்தாள். குட்டி மின்சாரத்தைக் கொடுத்தாள். தரையில் யாராவது நடந்தாலே மட்டை துள்ளியது.

"அண்ணி, தும்மினா ஆடும் போலிருக்கு!"

நிறுத்தி, ஒரு மயிரிழை பின்னால் வளைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, தன் விரலை அவர் விரலாக்கி வைத்துப் பார்த்தாள். போதாது. இன்னும் கொஞ்சம். எட்டாவது முறை தலையை ஆட்டினாள். குட்டி கூடவே இருந்தாள், ஒருமுறைகூட அவசரப்படுத்தாமல்.

மறுநாள் காலை அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். முன்னறையில் துணி போர்த்தாத மெஷினைப் பார்த்ததும் அவர் அதை நோக்கியே எட்டு வைத்தார். உயரமான ஸ்டூலில் உட்கார வைத்து, இடது கையை அவரே வைத்துக்கொள்ள, வலது கையை அவள் தூக்கி விரலைப் பொத்தான்மேல் வைத்தாள். குட்டி பந்தை இழுத்துவிட்டாள்.

முதல் தட்டிலேயே மணி அடித்தது. அவர் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். "எடு... எடுத்துட்டியா" என்றார், வாய் ஒரு பக்கமாக இழுக்க.

"எடுத்துட்டேன். பந்தப் பாருங்க."

பந்து இரண்டு முட்டு முட்டிவிட்டு வலப்பக்கமாக இறங்கியது. அவர் நெற்றியில் நரம்பு புடைத்தது. அவள் கை தானாக அந்தப் பொத்தானை நோக்கிப் போனது. குட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பந்து வந்தது, அசையாத மட்டையில் வழுக்கி, இடுக்கில் விழுந்து மறைந்தது.

பிறகு மட்டை துள்ளியது.

மூவரும் அதைப் பார்த்தார்கள். மறுபடி துள்ளியது. அடுத்த பந்து வெளியே வந்து காத்திருந்தது. அதை யாரும் இழுத்துவிடவில்லை. அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. குனிந்து, புதிதாக வந்திருக்கும் விருந்தாளியைப் பார்ப்பது போலத் தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தில்லாத பலகையில், டக், கொஞ்சம் இடைவெளி, டக் என்று வலப்பக்க மட்டை வெறும் காற்றைத் தட்டிக்கொண்டிருந்தது.