மீன் இழுக்கும் கடிகாரம்

ஏரிக்கரை ஊரான முவான்சாவின் கிரும்பா மீன்துறைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை நடத்தும் கபுலாவுக்கு ஒரு கடிகாரம் செய்ய ஆசை வந்துவிட்டது. பலகையை வட்டமாக அறுத்து ஏரி நிறத்தில் வண்ணம் அடித்தாள். நடுவில் பழைய கடிகாரம் ஒன்றின் மெஷினையும் முட்களையும் பொருத்தினாள். ஓரத்தில் ஒரு தகர வளையம். அதன் மேல் எண்ணெய் டின்னில் வெட்டிய படகு, படகில் ஒரு மீனவன், அவன் பிடித்திருக்கும் கயிற்றின் மறுமுனையை வாயில் கவ்விய பெரிய சங்காரா மீன். வளையம் சுழன்றால் அவன் மீனை இழுத்துக்கொண்டு போவான். சுழற்றத்தான் மோட்டார் இல்லை.

நடுவிலிருந்த, பேட்டரியில் ஓடும் அந்த மெஷினோடு வளையத்தை இணைத்துப் பார்த்தாள். அது ஒரு முறை துடித்துவிட்டு நின்றது.

கணவனின் தம்பி ஷிஜா ரேடியோ பழுது பார்ப்பவன். "அண்ணி, உங்க மீனு உங்கள மாதிரியே கனம்" என்றான்.

"உன் மூளை மாதிரி லேசா ஒரு மீன் செய்ய எனக்குத் தெரியலடா. போய் மோட்டார் கொண்டா."

கார் கண்ணாடியைத் துடைக்கும் மோட்டாரோடு வந்தான். ஒயர் பேட்டரியைத் தொட்டதுதான் தாமதம், வளையம் வெறிபிடித்ததுபோல் சுழன்றது. படகு பிய்த்துக்கொண்டு பறந்து, படகு முதலாளி மகேசாவின் தட்டில் உகாலிக் களியில் குத்திட்டு நின்றது.

"மீன் கேட்டா படகையும் சேத்துப் பரிமாறுறியேம்மா!" என்றார் மகேசா. கடையே சிரித்தது. கபுலா படகைக் கழுவி மறுபடி ஒட்டினாள்.

மறுநாள் ஷிஜா, கெட்டுப்போன மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கழற்றிய தட்டையான மோட்டாரைக் கொண்டுவந்தான். "சாப்பாட்டுத் தட்டைச் சுத்துறது, அண்ணி. மெதுவா போகும், மூச்சு வாங்காது. வீட்டுக் கரண்ட்லயே ஓடும்."

மாட்டினார்கள். மீனவன் நிதானமாக மீனை இழுத்துக்கொண்டு புறப்பட்டான். கபுலா கரண்டியைப் போட்டுவிட்டுக் கைதட்டினாள்.

சாயங்காலம் மின்சாரம் போய் வந்தது. கடிகாரத்தைப் பார்த்த மகேசா எழுந்தே நின்றுவிட்டார். வளையம் எதிர்ப்பக்கம் சுழன்றது. இப்போது மீன் முன்னால் போக, மீனவன் படகோடு அதன் பின்னால் இழுபட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

ஷிஜா தலையைச் சொறிந்தான். "இந்த மோட்டாருக்கு எந்தப் பக்கம்னு கிடையாது அண்ணி. கரண்ட் வர்றப்போ எப்படித் தோணுதோ அப்படிப் போகும். ஒரே பக்கமா ஓடுறது இருக்கு, நாளைக்குக் கொண்டாரேன்."

சொன்னபடி கொண்டும் வந்தான். அதற்குள் செய்தி துறை முழுதும் பரவியிருந்தது. பெஞ்சில் இடமில்லை.

"மாத்தினா நான் எதிர்க் கடைக்குப் போயிருவேன்" என்றார் மகேசா. "அந்த மீனுதான் நெசம் சொல்லுது. போன வருஷம் என்னை அப்படித்தான் இழுத்துச்சு."

கபுலா கையில் புது மோட்டாரை வைத்துக்கொண்டு சுவரையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அதை ஷிஜாவின் சட்டைப் பையில் போட்டாள். "இத உன் ரேடியோவுக்கு வச்சுக்க. எனக்கு அந்தக் கிறுக்கு மோட்டாரே போதும்."

மின்சாரம் போயிற்று. "கரண்ட் வந்ததும் யாரு இழுப்பாங்கன்னு பந்தயம், தோத்தவன் பாத்திரம் கழுவணும்!" என்று யாரோ கத்தினார்கள்.

"மீனவன்தான்!" என்றான் ஷிஜா.

"மீனு!" என்றாள் கபுலா.

விளக்குகள் எரிந்தன. வளையம் கொஞ்சம் யோசித்தது, சிலிர்த்தது, நகர்ந்தது. மீன் வாலை முன்னால் விட்டு, படகை இழுத்துக்கொண்டு கிளம்பியது. கடை அதிர்ந்தது. மகேசா மேசையில் தாளம் தட்ட, ஷிஜா சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்திரக் குவியலை நோக்கி நடந்தான்.