நீல ஒயர்

பெண்கள் உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தைத் தூக்கி, அதற்கடியில் நீல ஒயரைத் தள்ளினான் சேவியர். "கொஞ்சம் கால எடுக்கணும் அம்மச்சி" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே, குனிந்தவாக்கில், வாசலுக்கு முன்னால் குறுக்காக அதை இழுத்துக்கொண்டு போனான். ஒயரின் ஒரு முனை வாசல் நிலையை ஒட்டிய பலகையில் இருந்த இன்டர்நெட் பெட்டியில் செருகியிருந்தது. அதோடு சேர்த்து அவன் கொண்டுவந்திருந்த கறுப்புப் பெட்டி ஒன்றும் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மறுமுனை எதிர்ப்பக்கத்து உள்ளறையின் திரைக்கு அடியில் நுழைந்து மறைந்தது.

நடுவில் பெஞ்சில் வீரபாண்டி கிடந்தார். விடிந்ததும் மனைவி வசந்தி சாயா எடுத்துக்கொண்டு போனபோது, அந்த உள்ளறையில், லேப்டாப்பின் முன்னால் நாற்காலியிலிருந்து சரிந்து கிடந்தார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மட்டாஞ்சேரியில் தமிழர் வீட்டுக் கல்யாணம், கொங்கணி வீட்டுக் கல்யாணம் என்று எத்தனையோ வீடியோ எடுத்த மனுஷன். அவரோடு கேமரா தூக்கிக்கொண்டு சுற்றியவன்தான் இந்தச் சேவியர். பக்கத்துச் சுள்ளிக்கல்காரன், மலையாளி.

வசந்தி புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்து சேவியரையே பார்த்தாள். காலையிலிருந்து அவன் ஒரு நிமிஷம்கூட இங்கே வந்து உட்காரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வீட்டுக்கு வரும் முன்பே அவன் வந்து, "உள்ள லேப்டாப் ஆஃப் ஆக்கியாச்சா?" என்றுதான் கேட்டான். யாரும் ஆஃப் செய்யவில்லை என்றதும் அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியை அவள் கவனித்திருந்தாள். ஒருத்தர் செத்துக்கிடக்கிற வீட்டில் இவனுக்கு என்ன நிம்மதி?

மகள் அம்மு அவள் தோளில் சாய்ந்திருந்தாள். தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி ஒப்பாரியைத் தொடங்கியபோது, மாலைகளுக்கு அந்தப் பக்கம் போன் ஒன்று அதிர்ந்தது. வீரபாண்டியின் போன். சேவியர் தன் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தான். அவர் போன் இவன் பைக்குள் எப்படிப் போயிற்று? திரையில் மின்னிய பேரை வசந்தி படித்தாள். மஞ்சுஷா.

அந்தப் பேரை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பேர் வந்தால் அவர் எச்சில் கையோடு எழுந்து வெளியே போவார்.

சேவியர் பின்பக்கம் போனான். தண்ணீர் கேட்டு எழுந்தவள்போல வசந்தியும் எழுந்து அடுக்களைக்குள் போய், ஜன்னலோரம் நின்றாள்.

"கரயல்லே மஞ்சுஷா... இன்னு தன்னே எடுக்கும். ஒண்ணும் போகில்ல. ஞான் உண்டல்லோ."

அழாதே, இன்றைக்கே எடுத்துவிடும், ஒன்றும் போகாது, நான் இருக்கிறேன் என்கிறான். அப்படியென்றால் அந்தப் பக்கம் ஒருத்தி அழுகிறாள். தன் புருஷன் செத்ததற்கு எவளோ அழுகிறாள்.

கொஞ்ச காலமாகவே வசந்தியின் மனசில் கிடந்து உருண்டதெல்லாம் ஒன்றோடொன்று வந்து சேர்ந்தது. உள்ளறைக் கதவு சாத்தியே கிடந்தது. திறந்தால் சட்டென்று லேப்டாப்பை மூடினார். ஒருநாள் காதில் மாட்டும் ஒயர் கழன்று, உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் அழுகுரல் கேட்டது. அவள் கதவைத் தட்டியதும் நின்றுவிட்டது. எல்லாவற்றையும்விட, அந்தக் குளியல். வெளியே போய்விட்டு வந்தால் யாரிடமும் பேசாமல், சட்டையைக்கூடக் கொடியில் போடாமல், நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வார். எவள் வாசனையைக் கழுவுகிறார் என்று அவள் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு யோசித்திருக்கிறாள். கேட்கத்தான் வாய் வரவில்லை.

இப்போது சேவியர் வந்து எல்லாவற்றையும் ஒயர் வழியாக உறிஞ்சிக்கொண்டு போகப் பார்க்கிறான். பிணம் வீட்டைவிட்டுப் போவதற்குள்.

அவள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளறைக்குள் போனாள். சேவியர் திரும்பி வந்து நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தான். லேப்டாப்பின் பக்கவாட்டில் சார்ஜர் பின்னை ஒரு விரலால் அழுத்திப் பிடித்திருந்தான். திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நீண்டுகொண்டிருந்தது.

"எழுந்திரு" என்றாள்.

"சேச்சி, கொஞ்சம் பொறுக்கணும். கையெடுக்க ஒக்காது."

"எழுந்திருன்னு சொன்னேன். இவரு கண்ண மூடி இன்னும் சூடு ஆறல. அதுக்குள்ள எதக் கொண்டுட்டுப் போற நீ?"

"கொண்டு போகல சேச்சி. பேக்கப் எடுக்கறேன். இதுல பேட்டரி செத்துப் போச்சு. பின்னுல அண்ணன் மடிச்சுச் சொருகியிருந்த பேப்பரும் இப்ப நிக்கல, இப்படி அழுத்திப் பிடிச்சாத்தான் கரண்டு. விட்டா ஆஃப் ஆயிரும். உள்ள டிஸ்க்கும் கம்ப்ளைன்ட். ஆஃப் ஆயிட்டா பின்னே வராதுன்னு அண்ணனே போன வாரம் சொன்னாரு. பென் டிரைவ் போடற ஓட்டையும் போச்சு, வைஃபையும் போச்சு. இந்த ஒயரு மட்டும்தான் பாக்கி. அதான் அந்தக் கறுப்பு டிரைவ அங்க நெட்டுப் பெட்டியில போட்டு, இது வழியா எடுக்கறேன்."

"இவ்வளவு அவசரமா எடுக்க உள்ள என்ன இருக்கு?"

அவன் பச்சைக் கோட்டையே பார்த்தான்.

"மஞ்சுஷா யாரு?"

சேவியர் சட்டென்று நிமிர்ந்ததில் பின் அசைந்தது. திரை ஒருமுறை மங்கித் தெளிந்தது. வசந்தி குனிந்து, லேப்டாப்பின் பின்னால் செருகியிருந்த நீல ஒயரைப் பிடித்தாள்.

"சொல்லு. இல்லேன்னா உருவி எறிஞ்சிருவேன்."

"வேண்டாம் சேச்சி." அவன் குரல் உடைந்தது. "உருவாதீங்க. அது அவங்க அம்மா."

அவளுக்குப் புரியவில்லை. அவன் மற்ற கையால் எதையோ அழுத்தினான். பச்சைக் கோட்டுக்குப் பின்னால் ஒரு படம் விரிந்தது.

ஏதோ ஒரு வீட்டின் முன்னறை. தரையில் வாழை இலை. அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்தி ஒரு கிழவி. தலைமாட்டில் விளக்கு. பக்கத்தில் முட்டிபோட்டிருந்த ஒரு பெண், கிழவியின் முகத்துக்கு நேராக ஒரு போனை நீட்டிப் பிடித்திருந்தாள். போனுக்குள்ளிருந்து ஒரு குரல் கண்ணைத் திறக்கச் சொல்லிக் கதறியது. "அம்மே... கண்ணு துறக்கம்மே... ஞானாணு... மஞ்சு..."

அதே குரல். கதவுக்கு வெளியே நின்று அவள் கேட்ட அதே அழுகுரல்.

சேவியர் சத்தத்தைக் குறைத்தான். "இந்த மஞ்சுஷா குவைத்துல நர்ஸு. லீவு கிட்டல. லைவ்ல காட்டச் சொன்னாங்க. தூக்கற நேரத்துல நெட்டு கட் ஆயிருச்சு. கடைசி அவங்க பாக்கல. எடுத்தது மட்டும் இதுல இருக்கு, கேமரா கார்டுல வேற ஃபங்ஷன் ஏத்தியாச்சு. நாப்பத்தொண்ணாம் நாளுக்கு முன்ன தர்றேன்னு அண்ணன் வாக்குக் குடுத்திருந்தாரு. எடிட் பண்ணி வெட்டவே மனசு வரல அவருக்கு. பாத்துப் பாத்து வச்சிருந்தாரு. காலைல வரைக்கும் இதுதான் பண்ணிட்டிருந்திருக்காரு. அவங்க கூப்பிடுவாங்கன்னுதான் அவரு போனையும் நான் எடுத்து வச்சேன்."

"சாவு வீட்டுக்கா போனாரு?"

"கொரோனாவுல ஆரம்பிச்சது. இப்ப கல்யாணத்துக்கெல்லாம் பெரிய டீமு வருது, ட்ரோனு அது இதுன்னு. நம்மள யாரு கூப்பிடறா? மாசத்துல முக்காவாசி இதுதான் சேச்சி."

வசந்தியின் கை ஒயரிலேயே இருந்தது.

கொரோனா சமயத்தில் ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டே, இப்படியும் ஒரு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். கல்யாண வயசில் பெண் இருக்கிற வீடு, சாவைப் படம் பிடித்த கையோடு உள்ளே வராதீர்கள் என்று அவளும் சொன்னாள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அந்தப் பேச்சு அன்றோடு முடிந்ததாக அவள் நினைத்திருந்தாள்.

தலையோடு தண்ணீர் ஊற்றும் சத்தம் அவளுக்குக் காதில் கேட்டது. இருட்டில், கிணற்றடியில், வாளி வாளியாக.

"உனக்கு எல்லாம் தெரியும்" என்றாள். "எனக்குத்தான் தெரியல."

"சொல்லணும்னு நானும் பறஞ்சேன். அவ பயப்படுவா, வேண்டாம்னாரு."

அவள் ஒயரை விட்டாள். அது சரியாகச் செருகியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

வெளியே கொழுந்தன் ரமேஷ்பாபுவின் குரல் கேட்டது. "மதினி, குளுப்பாட்ட நேரமாச்சு. வாங்க."

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, வாய்க்கரிசி போட்டார்கள். அம்முவின் கையைப் பிடித்து அரிசியை வாயருகே கொண்டுபோனபோது வசந்தி அவர் விரல்களைப் பார்த்தாள். கும்பிட்ட மாதிரி சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆள்காட்டி விரல் நுனி கொஞ்சம் தட்டையாக இருந்தது. எப்போதும் அப்படித்தானா என்று அவளுக்கு நினைவில்லை.

சந்துக்குள் ஆம்புலன்ஸ் வராது. சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டிகளை ஒதுக்கச் சொல்லி ஆள் போயிருந்தது. முக்குவரை தோளில்தான் கொண்டுபோக வேண்டும். ரமேஷ்பாபு ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "சேவியரு எங்க? அவனும் ஒரு பக்கம் பிடிக்கட்டும். அண்ணன்கூட இத்தன காலம் இருந்தவன்" என்றார். பிறகு கீழே பார்த்து முகம் சுளித்தார். "இது என்ன, வாசல்ல குறுக்க ஒயரு? யாராவது தட்டி விழுந்தா? உருவிப் போடுங்க."

ஒருவன் குனிந்தான்.

"அதத் தொடாதீங்க" என்றாள் வசந்தி.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மதினி, எடுத்துட்டுப் போகும்போது..."

"தாண்டிப் போங்க, தம்பி. கால் படாமத் தாண்டிப் போங்க."

ரமேஷ்பாபு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

அவள் உள்ளறைக்குள் போனாள். சேவியர் அதே இடத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தான். பச்சைக் கோடு முக்கால்வாசியைத் தாண்டியிருந்தது.

"உன்னக் கூப்பிடறாங்க. போ."

"இத விட்டுட்டு எப்படி சேச்சி..."

"எங்க பிடிக்கணும்னு காட்டு."

அவன் அவள் விரலைப் பிடித்துப் பின்மேல் வைத்தான். "கொஞ்சம் மேல தள்ளி. அசையக் கூடாது." பிறகு, "நீங்க பாக்க வேண்டாமா?" என்று கேட்டான்.

"போய்த் தூக்கு" என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். வெளியே அழுகை சட்டென்று உயர்ந்தது. அம்மு "அப்பா, அப்பா" என்று கத்துவது கேட்டது. வசந்தியின் உடம்பு தானாக எழப் பார்த்தது. விரல் மட்டும் அசையவில்லை. நாற்காலியில் இன்னும் அவர் முதுகு அழுந்திய குழி இருந்தது. அதிலேயே சாய்ந்துகொண்டாள்.

அங்கிருந்து திரைச்சீலைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் தெரிந்தது. அதில் நீல ஒயர் கிடந்தது. முதலில் ரமேஷ்பாபுவின் கால்கள் வந்து, தயங்கி, ஒயரைத் தாண்டின. பின்னால் யாரோ கிழவரின் வெடித்த பாதங்கள். பாரத்தால் தரையில் அழுந்தி அழுந்தி வந்த சேவியரின் கால்கள். ஒவ்வொன்றும் ஒயருக்கு முன்னால் நின்று, உயர்ந்து, அந்தப் பக்கம் இறங்கின. ஒன்றும் மிதிக்கவில்லை.

கூட்டத்தின் சத்தம் சந்தில் தேய்ந்துகொண்டே போனது. பச்சைக் கோட்டில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

உடம்பு போன வீட்டைக் கழுவ, பக்கத்து வீட்டுப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. உதிர்ந்த பூக்களை இழுத்துக்கொண்டு அது திரைக்கு அடியில் உள்ளே வந்தது. வசந்தி விரலை எடுக்காமல், ஒரு காலை நீட்டி, நீல ஒயரைக் கால்விரல்களுக்கு நடுவில் பிடித்துத் தரையிலிருந்து மேலே தூக்கினாள்.