மலை உச்சியில் வெண்மதி

அந்தத் திங்கட்கிழமை என் கடைக்கு வந்த போன்களில் ஒன்றுகூட உடைந்த போன் இல்லை. எல்லாவற்றிலும் புது ஓஎஸ் ஏறி, திரையின் தோற்றம் மாறியிருந்தது, அவ்வளவுதான். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பன்னிரண்டு வருஷமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தண்ணீரில் போட்டவர், சண்டையில் சுவரில் அடித்தவர் எல்லாரையும் பார்த்தாயிற்று. போனைக் கையில் வைத்துக்கொண்டே "என் போனைக் காணோம்" என்கிற முகத்தோடு ஊரே வந்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இன்னா நீலாஞ்சனா, எழுத்தெல்லாம் தண்ணிக்குள்ள கெடக்குது" என்றார் அன்புமணி வாத்தியார். வல்லத்து மல்லாட்டைக் கடலை வியாபாரி விமல்ராஜ் இது வைரஸ்தான் என்று முடிவு கட்டி, போனைப் பிளாஸ்டிக் கவரில் சுருட்டி எடுத்து வந்திருந்தார். பக்கத்தில் இருக்கிற போனுக்குத் தொற்றிக்கொள்ளுமாம். காலேஜ் பெண் ஒருத்தி மட்டும், "கண்ணாடி மாதிரி செமயா இருக்குதுக்கா" என்று தடவித் தடவிப் பார்த்தாள். மற்ற எல்லாரும், மாற்றியதே நான்தான் என்பதுபோல் என்னை முறைத்தார்கள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அதிலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என்னிடம் வேலை கொடுப்பவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். நாங்கள் நயினார், தமிழ்ச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், சாய்ந்துவிட்டால் மறுநாள் விடிந்த பிறகுதான். கடையைச் சாத்தப்போகிற நேரம் பார்த்துத் தனகோட்டி அண்ணன் படியேறி வந்தார்.

அறுபது வயது இருக்கும். கோட்டையில் பழுது பார்க்கிற கொத்தனார்களுக்கு ராஜகிரி மலைமேலே தண்ணீர்க் குடம் சுமந்தவர், இருபது வருஷத்துக்கு மேல். அப்புறம் சர்க்கரை வந்து கண்ணைத் தின்றுவிட்டது. இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும் பிரிந்து தெரியும். சந்தைமேட்டுப் பக்கம் தனியாக இருக்கிறார், தானே பொங்கித் தின்கிறார், கைத்தடி இல்லாமல் பஜாருக்கு வருகிறார்.

"எல்லாம் ஒரே மூட்டமா ஆயிடுச்சும்மா" என்று போனை நீட்டினார். "தெனம் ஆறு மணிக்கு எம் பொண்ணு வெண்மதிக்கு நானே வீடியோ கால் போடுவேன். நேத்து தேடித் தேடிப் பாத்தேன், கெடைக்கல. அவ போட்டா, எடுக்கிற பட்டனையும் காணோம். நாலு தடவ அடிச்சு அடிச்சு நின்னுபோச்சு."

"அதனால இன்னா? நான் போட்டுக் குடுக்கறேன்."

"அதான் கூடாது. பக்கத்து வூட்டு போன்ல அழுவுறா. 'ஒரு கால் போட முடியல, உன்ன எப்பிடித் தனியா வுடுறது? இன்னிக்கும் நீயே போடலன்னா ஞாயித்துக்கெழம வந்து மெட்ராஸுக்கு இட்டுனு போயிடுவேன்'னுட்டா. யாரு போட்டதுன்னு கேப்பா. எனக்குப் பொய் வராது." காலால் கடைப்படியைத் தட்டிக் காட்டினார். "இங்க எனக்குக் கண்ணு தேவப்படல நீலா. எது எங்கன்னு காலுக்குத் தெரியும். அங்க போனா நான் குருடன்."

அப்போது மணி ஐந்து பத்து. சரி, கால் மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். கண்ணாடி போலிருந்ததை எல்லாம் அணைத்தேன். பின்னால் மங்கலாக ஏதோ படம் இருந்தது, அதை எடுத்துவிட்டுச் சுத்தக் கறுப்பு வைத்தேன். ஐகான்களோ, குழந்தை இறைத்துப் போட்ட சோறு மாதிரி, மூலைக்கு ஒன்றாகக் கிடந்தன. அத்தனையையும் பெரிதாக்கி வரிசையாக அடுக்கினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

வாங்கினார். கட்டைவிரலைத் திரையின் இடது கீழ்மூலையில் வைத்தார். மெல்ல மேலே நகர்த்தினார். பாதியில் நிறுத்தினார். மறுபடி மூலைக்கே போய் ஆரம்பித்தார். 

"கோட்ட எங்கம்மா?"

"கோட்ட கோட்டையிலதான் இருக்குது! எனக்கு ஆயிரம் வேல இருக்குது, இன்னா வெளாட்டு இது?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "பின்னாடி ராஜகிரி படம் இருந்துச்சும்மா. வானம் வெளிச்சம், மல இருட்டு. அது ரெண்டுந்தான் எனக்குத் தெரியும். இந்த மூலைல கீழ்வாசல். அங்கேர்ந்து வெரலால ஏறுவேன். வெண்மதி உச்சில இருப்பா."

 குப்பை என்று நினைத்து நான் கூட்டித் தள்ளியது அவருடைய வழியை. அய்யோ, எது எங்கே இருந்தது என்று ஒன்றுகூட நினைவில்லையே! கேலரியைத் துழாவினேன். நாலு வருஷத்துக்கு முன்பு வெண்மதி எடுத்த படம் அடியில் கிடந்தது. அதைத் திரும்ப வைத்தேன். அம்மா போன் செய்தாள், "பொழுது போவுது, சோறு எடுத்து வச்சிட்டேன், வர்றியா இல்லியா?" வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மணி ஐந்து முப்பத்தைந்து.

"சொல்லுங்கண்ணே, எது எங்க?"

இடது, வலது என்று அவருக்குச் சொல்ல வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார், உட்கார்ந்த இடத்திலேயே. "வாசல் தாண்டுனா களஞ்சியம். பாங்கு ஆப் அங்க. ரெண்டாள் ஒசரம் ஏறுனா கல்யாண மகாலு, போட்டோவெல்லாம் அதும்மேல. அப்புறம் படி ஒடியும், அந்தத் திருப்பத்துல ஒரு பாற வெளுப்பா இருக்கும். மாத்தர அலாரம் அந்தப் பாறையில."

திரையில் வெறும் கறுப்பு மலை. விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். மரங்களுக்கு நடுவே, கடுகளவு, வெளுத்த பாறை ஒன்று இருந்தது.  கண் போன பிறகு எடுத்த படம் அது, அவர் அதை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை.

"அதுக்கும் மேல தூக்குப்பாலம். டார்ச் லைட் அங்கதான். கால் வைக்கிறதுக்கு முன்ன வெளிச்சம் வேணுமில்ல?" என்று சிரித்தார். பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே பள்ளத்தின் கோடு. அவர் சொல்லச் சொல்ல நான் வைத்தேன். ஓர் இடத்தில், "இல்ல, நீ பள்ளத்துல வுழுந்துட்ட, ஒரு படி பின்னாடி வா" என்றார். வைத்ததைப் பார்த்தேன். ஒரு கட்டம் தள்ளித்தான் வைத்திருந்தேன். இந்த ஊரில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன ஒரே தடவை பாதி மலையேறி, மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டவள் நான்.

மணி ஐந்து ஐம்பத்தேழு. தெருவுக்கு வந்தோம். மேற்கே ராஜகிரிக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மலை கறுப்பாகவும் வானம் வெளிச்சமாகவும், அப்படியே அவர் கையில் இருந்த படம் மாதிரியே நின்றது. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி ஒரு நிமிஷம் வைத்திருந்தார். அப்புறம் விரலை மூலையில் வைத்தார்.

முதல் தடவை டார்ச் எரிந்தது. "அவசரப்பட்டுட்டேன்" என்றார். எனக்கு என் விரலை நீட்டிக் காட்டிவிடலாம் என்று துடித்தது, கையைக் கட்டிக்கொண்டேன். மறுபடி கீழ்வாசல். களஞ்சியம், மகால், பாறை. உதடு அசைந்தது. பாலத்தில் விரல் ஒரு நொடி நின்று, தாண்டி, இருட்டு முடிந்து வெளிச்சம் ஆரம்பிக்கிற இடத்தில் அழுந்தியது.

மணி அடித்தது.

"நைனா!" வெண்மதி கத்தினாள். "நீயேவா போட்ட? மூஞ்சி முழுசாத் தெரியுதே! என் போன்லயே எல்லாம் மாறிப்போயி நானே தடுமாறிட்டு இருக்கேன், நீ எப்பிடி நைனா கண்டுபுடிச்ச?"

"நீ எங்க போயிடப்போற? ஏறி வந்தேன்."

 அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றாள்.

தனகோட்டி அண்ணனின் கை தொங்கிப்போனது. "இட்டுனு போவவா?"

"மீன் கொழம்பு வையி. சாப்புடத்தான் வர்றேன்."

அவர் பஜார் கூட்டத்துக்குள் யார்மீதும் இடிக்காமல் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விளக்குகள் எரிய ஆரம்பித்துவிட்டன. எனக்கு அன்றைக்குச் சோறு போயிற்று. போனால் போகட்டும்.

அம்மாவிடம் சொல்ல என் போனை எடுத்தேன். ஏதோ தோன்றியது, கண்ணை மூடிக்கொண்டேன். விடிந்தது முதல் கையிலேயே இருக்கிற போன், பெற்ற அம்மாவின் நம்பர். விரலால் தேடி அழுத்தினேன்.

"சொல்லுங்க மேடம்" என்றார் திண்டிவனத்துப் பேட்டரி சப்ளையர் சிவசங்கர்.