ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசி வரி

கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கற்றுத்தரும் புத்தகங்களைச் சிரிக்கச் சிரிக்க எழுதுகிறவர் என்று பெயர் வாங்கியவர் அவர். அன்று காலை அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அச்சுக்குப் போகவேண்டிய ஏழாவது புத்தகத்தைக் கடைசியாக ஒருமுறை புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் அத்தியாயத்தின் முடிவில் ஒரு குறும்பு செய்திருந்தார். கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துவிடும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, அடுத்த வரியிலேயே, “கையை எடுங்கள் ஐயா, இது பார்க்க மட்டும்” என்று எழுதியிருந்தார். பக்கம் அமைத்த புண்ணியவான் ஒரு படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டான். கட்டளை பக்கத்தின் அடியில் நின்றது, எச்சரிக்கை அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

வேறு புத்தகமாக இருந்தால் பரவாயில்லை. இவர் புத்தகத்துக்கு ஒரு சட்டம் உண்டு: பக்கத்தில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்க்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பக் கூடாது. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டு, மீறுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டியும் வைத்திருந்தார்.

அச்சகத்துக்குப் போன் செய்து நிறுத்தச் சொன்னார். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றார்கள். அப்பாடா என்று உட்கார்ந்தவருக்கு அக்காவின் ஞாபகம் வந்தது. போன வாரம் இதே பக்க அமைப்பில் ஒரு பிரதியை அவளிடம் கொடுத்திருந்தார்.

அக்கா உடை தைக்கத் துணி வெட்டுவதற்கான அளவுப் படங்கள் வரைகிறவள். பதினாலு வருட உழைப்பும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. நகல் எடுத்து வை என்று அவர் சொல்லாத நாளில்லை, அவள் எடுத்த நாளும் இல்லை. எட்டாம் அத்தியாயம் முடிந்தது, நாளைக் காலையில் ஒன்பதாவது என்று நேற்றுதான் சொல்லியிருந்தாள். இப்போது போனை எடுக்கவில்லை.

அவளைப் பார்க்கப் போன பஸ்ஸில் இடம் இருந்தும் அவரால் உட்கார முடியவில்லை. இறங்கி, மூன்று மாடியும் ஓட்டமாக ஏறினார். வெட்டும் மேஜையில் பிரதி விரிந்து கிடந்தது. பத்தாம் அத்தியாயம். அப்படியானால் ஒன்பது முடிந்துவிட்டது.

“அக்கா, ஒன்பதுல அந்தக் கடைசி வரியை அடிச்சியா?”

அக்கா அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

“நான் எங்கடா அடிச்சேன்? கதை மாதிரி போகுது, படிச்சுக்கிட்டே போறேன். உன் புத்தகம் எதுலயுமே நான் ஒரு வரிகூட அடிச்சதில்ல.”

அவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். படங்கள் பிழைத்துவிட்டன. கண் கலங்கும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. ஆறு புத்தகங்களுக்கும் வந்த வாசகர் கடிதங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். ஒரே நாளில் படித்து முடித்தேன் என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு வரியாக அடித்துப் படித்தால் ஒரு மாதம் ஆகும்.