நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து ஏணி

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. தப்பான கோப்பை அச்சகத்துக்கு அனுப்பியதில் பிறந்தது. அனுப்பியவள் நான்தான். ஆனால் இனிமேல் 'அவள்' என்றுதான் எழுதப் போகிறேன். 'நான்' என்று எழுதினால் அண்ணியின் கோபம் முழுவதும் என் தலையில் விடியும். 'அவள்' என்றால் பாதியையாவது அவள் வாங்கிக்கொள்வாள்.

முதல் தொடக்கம்: அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் புதுப் புத்தக வாசனை அவள் நெஞ்சை அப்படியே

[வேண்டாம். புத்தகம் போட்ட எல்லோரும் பெட்டியைப் பிரித்து மோந்து பார்த்தாயிற்று.]

இரண்டாவது தொடக்கம்: பல் டாக்டரின் முன்னறையில் உட்கார்ந்து, கன்னம் வீங்கி வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது அவள் வேலை.

[இது பரவாயில்லை. கன்னம் வீங்கியவர்களை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.]

2

டோக்கன் சீட்டுகளின் பின்பக்கத்தில் நாலு வருடம் எழுதி ஒரு நாவலை முடித்தாள். மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினாள். முதல் பதிப்பகம் பதில் போடவில்லை. இரண்டாவது, வேறு யாருக்கோ எழுதிய பதிலை இவளுக்குப் போட்டது. மூன்றாவது பதிப்பாளர் மட்டும் போனில் அன்பாகப் பேசினார்.

"கதை நல்லாத்தாம்மா இருக்கு. யாராவது பிரபலமானவங்க எழுதியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று இறங்கிவிட்டாள். எழுதியது அவள், அட்டை வரைந்தது அவள், பிழை திருத்தியது அவள். பின்னட்டையில் 'தவறவிடக்கூடாத நாவல்' என்று ஒரு வாசகர் நெகிழ்ந்திருக்கிறார் இல்லையா, அந்த வாசகரும் அவள்தான்.*

ஒன்றே ஒன்று மட்டும் அவள் செய்யவில்லை. சாயங்காலச் சமையல் அவள் முறை. அதை நாலு வருடமும் அண்ணி செய்தாள்.

"நீ போய் எழுது. உனக்கு ரெண்டு வேலை ஒண்ணா வராது. ஒண்ணாவது வருதான்னு பார்ப்போம்" என்று சொல்லிக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டவள் அண்ணி.

* நெகிழ்ந்தது உண்மை.

3

அவளுக்கு ஒரு பழக்கம். எழுதிக்கொண்டிருக்கும்போதே தனக்குத் தானே சதுர அடைப்புக்குறிக்குள் குறிப்பு எழுதிவைப்பாள். கடைசியில் எல்லாவற்றையும் துடைத்துவிடுவாள். துடைத்த கோப்பின் பெயர் 'இறுதி'. துடைக்காததின் பெயர் 'இறுதி, இதுதான்'. ஏன் அப்படிப் பெயர் வைத்தாள் என்று கேட்காதீர்கள். அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

நூறு பிரதிகள் வந்து கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள். நாவல் முழுக்கப் பதினேழு இடங்களில் அவளே அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் பக்கத்தில், காதலன் சிரித்த உடனே: [இவன் பல்லைப் பற்றி இவ்வளவு வேண்டாம். நீ இப்போது வேலையில் இல்லை.]

அச்சகக்காரருக்குப் போன் போட்டாள்.

"மேடம், நீங்க அனுப்பினதுல ஒரு புள்ளியைக்கூட நாங்க தொடலை" என்றார் அவர். குரலில் அவ்வளவு பெருமை. திட்ட மனசு வரவில்லை.

பதினாறு குறிப்புகளை விட்டுவிடலாம். பதினேழாவது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது: [இந்த அண்ணி பாத்திரம் ஒரே போர். அப்படியே நம்ம அண்ணி. கொன்றுவிடலாமா?]

அடுத்த வரியில் அந்த அண்ணி தண்ணீர்த் தொட்டி கழுவ ஏணியில் ஏறுகிறாள். அதற்கடுத்த வரியில் ஏணி மட்டும் நிற்கிறது.

நிஜ அண்ணி அப்போது எழுபத்திரண்டாம் பக்கத்தில் இருந்தாள்.

4

அண்ணி அதற்கு முன் வாழ்க்கையில் ஒரு நாவல் படித்ததில்லை. இதைத் தினம் எட்டுப் பக்கம், சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, சத்தமாகப் படித்தாள். அண்ணன் காய் நறுக்கிக்கொண்டே கேட்டான். அவனுக்குத் தப்பிக்க வழியில்லை. நூற்றுப் பன்னிரண்டுக்கு இன்னும் ஐந்து நாள்.

"இந்தக் கட்டத்துக்குள்ள இருந்து ஒருத்தி பேசுறா பாருங்க, என்னமா பேசுறா!" என்றாள் அண்ணி.

"கதை எப்படிப் போகுது?" என்றான் அண்ணன்.

"கதை கெடக்குது விடுங்க. கட்டத்துக்காரி அடுத்து எப்ப வருவான்னுதான் நான் பார்த்துட்டிருக்கேன்."

இணையத்திலும் ஒரு முகம் தெரியாத புண்ணியவான் நாலு நட்சத்திரம் போட்டிருந்தார்: 'அடைப்புக்குறிக்குள் பேசும் பாத்திரம் அபாரம். நடுநடுவே கதை வந்து இடைஞ்சல் செய்கிறது.' எழுத்தாளராகத் தனக்குக் கிடைத்த முதல் பாராட்டு எழுத்தாளருக்குக் கிடைக்கவில்லை என்று அவளுக்கு அழுகை வந்தது.

முதல் நாள் புத்தகத்தை ஒளித்துவைத்தாள். அண்ணி கட்டிலுக்கு அடியில் கையை விட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். மற்ற தொண்ணூற்றொன்பதையும் ஒளிக்க அந்த வீட்டில் இடமில்லை. இரண்டாம் நாள் மூக்குக் கண்ணாடியை எடுத்து ஒளித்தாள். அண்ணி புத்தகத்தைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தாள். மூன்றாம் நாள் 112, 113 இரண்டு பக்கத்தையும் பசை போட்டு ஒட்டினாள். நாலாம் நாள் டோக்கன் கொடுக்கும்போது எட்டாம் நம்பரை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டு கன்னங்களும் ஒரே கதவில் மோதிக்கொண்டன. [இது நிஜம். கதைக்குத் தேவையில்லை. ஆனாலும் இருக்கட்டும்.]

5

ஐந்தாம் நாள் அண்ணி பக்கத்தைப் புரட்டப் போகும்போது அவள் குறுக்கே விழுந்தாள்.

"அண்ணி, இன்னிக்கு நான் சமைக்கிறேன். நீங்க போய்ப் படுங்க."

அண்ணி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன், நூத்திப் பன்னெண்டு வந்துடுச்சா?"

காய் நறுக்கும் சத்தம் நின்றது.

"எப்படி... நான் ஒட்டினேனே..."

"ஒட்டினது முந்தாநாள். நான் அதைப் பொட்டி வந்த அன்னிக்கே படிச்சாச்சு. வீட்டுல ஒருத்தி கதை எழுதினா நாம முதல்ல எதைத் தேடுவோம்? நாம எங்க வர்றோம்னுதான். அண்ணின்னு இருந்த பக்கத்தையெல்லாம் அன்னிக்கே தேடி எடுத்துப் படிச்சுட்டேன்."

"அப்ப தினம் எட்டுப் பக்கம்..."

"நீ என்ன பண்றேன்னு பார்க்கலாமேன்னுதான். சும்மா சொல்லக் கூடாது, உன் நாவலைவிட அது நல்லா இருந்துச்சு."

அண்ணன் சிரித்துவிட்டு, இரண்டு பேரையும் பார்த்து, மறுபடி நறுக்க ஆரம்பித்தான்.

"அண்ணி, கொன்னது தப்புதான். சத்தியமா..."

"கொன்னது கெடக்கட்டும். ஒரு நாள் எல்லாரும் போறதுதான். போர்னு எழுதியிருக்கியே." அண்ணியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நாலு வருஷம் நீ எழுதினே. நான் அடுப்புக்கு முன்னாடி நின்னேன். அங்கேயே நிக்கிறவ வேற எப்படித் தெரிவா? நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கேட்டிருந்தா நான் நாலு விஷயம் சொல்லியிருப்பேன்."

அவள் அழுதுவிட்டாள். வெட்கமாக இருந்தது. பார்ப்பதும் எழுதுவதும்தான் தன் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவள், எதிரில் நின்றவளைப் பார்க்கவே இல்லை. ஐந்து நாளில் அவளை ஆட்டிவைத்த இந்த மனுஷியை அந்த நாவலில் எங்கேயும் காணோம்.

அண்ணி எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு, கரண்டியை அவள் கையில் திணித்தாள்.

"கிண்டு. அடி பிடிக்காம பார்த்துக்கோ. எனக்கு ஒரு பென்சில் வேணும்."

6

இரண்டாம் பதிப்பு தயாராகிறது. இந்தக் கதையையும் அண்ணி படித்துவிட்டாள். இனி வருகிற சதுர அடைப்புக்குறிகள் அண்ணியுடைய பென்சில்.

முடிவு அ: அண்ணி ஏணியிலிருந்து விழவில்லை. தொட்டியைக் கழுவிவிட்டுப் பத்திரமாக இறங்கிவருகிறாள்.

[இறங்கி? திரும்ப அடுப்படிக்கா? அதுக்கு விழுந்ததே மேல்.]

முடிவு ஆ: அண்ணி ஏணியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறாள்.

[ஏணி எதுக்குன்னு புரியலை. ஆனா இவகூட நாலு தெரு நடக்கலாம்.]

முடிவு இ: தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அண்ணி ஊரைப் பார்க்கிறாள். அப்போது அவள் மனதில்

[என்ன ஓடுதுன்னு உனக்குத் தெரியாது. கேட்டுட்டு எழுது.]

கேட்டேன். நாலு விஷயம் சொன்னாள். நாலும் பிரமாதம். நாலையும் எழுதக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

ஆகவே வாசகரே, உங்களிடம்தான் வருகிறேன். ('அவள்' என்பதை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. அண்ணியின் கோபம் முழுவதும் இப்போது என் தலையில்தான்.) நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பாதியைக் காலியாக விட்டிருக்கிறேன். அண்ணி ஏணியின் உச்சிப் படியில், ஒரு கையில் வாளியோடு நிற்கிறாள். உங்கள் வீட்டு அடுப்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பென்சிலை எடுங்கள்.

[யார் வேணா எழுதலாம். ஆனா ஒண்ணு, போரா இருந்தா நான் இறங்க மாட்டேன்.]