சேதாரம் ஐந்து சதவீதம்

நாற்பத்து மூன்று வயதில் கணக்குப் பரீட்சையில் பெயிலாவது ஒன்றும் பெரிய அவமானமில்லை. இரண்டு தடவை பெயிலானால் கொஞ்சம் உறுத்தும். வளைகுடா நாட்டில், ரூவி என்ற ஊரில் டைல்ஸ் ஒட்டும் போர்மேன் சோலையப்பன் இரண்டு தடவையும் பெயிலாகியிருந்தார்.

சூப்பர்வைசர் ஆக வேண்டுமானால் கம்யூனிட்டி காலேஜ் மாலை வகுப்பில் அடிப்படைக் கணக்கு பாஸ் செய்து வா என்று கம்பெனி சொல்லிவிட்டது. சூப்பர்வைசர் ஆனால்தான் பேமிலி விசா. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவரும் மனைவி ஜோதிமணியும் ஒன்றாக இருந்தது, எல்லா லீவையும் கூட்டினால், பத்தொன்பது மாதம். அந்தக் கணக்கை மட்டும் அவர் ஒருநாளும் தப்பாகப் போட்டதில்லை. மூன்றாவது தடவையும் பெயிலானால் காலேஜில் இடம் கிடையாது.

பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிடும் பொறுப்பு நளினி மேடத்துடையது. திருச்சிக்காரர். மற்ற வாத்தியார்கள் மார்க்கை மட்டும் பார்ப்பார்கள். இவர் தப்பான விடைகளையும் உட்கார்ந்து படிக்கிறவர். ஒரு நாள் சாயங்காலம் சோலையப்பனின் இரண்டு விடைத்தாள்களையும் மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டார்.

"அண்ணா, நீங்க தப்புப் பண்றதுல ஒரு ஒழுங்கு இருக்கு."

"மன்னிச்சுக்கங்க மேடம்."

"திட்டலண்ணா. இதப் பாருங்க. எட்டு மீட்டருக்கு ஆறு மீட்டர் ரூம், நாப்பது சென்டிமீட்டர் சதுர டைல்ஸ். முந்நூறு வரணும், நீங்க முந்நூத்திப் பதினஞ்சு போட்டிருக்கீங்க. இருநூறு மீட்டர் பைப்புன்னா இருநூத்திப் பத்து. எல்லாத்துலயும் அஞ்சு பெர்சென்ட் கூட. ஏன்?"

சோலையப்பன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். இவ்வளவு படித்த பெண்ணுக்கு இது தெரியவில்லையே என்றிருந்தது.

"வேஸ்டேஜ் மேடம். வெட்டும்போது ஒடையாதா? சேதாரம் சேக்காம எவனாச்சும் ஆர்டர் குடுப்பானா?"

"சரி, இந்த ஆப்பிள் கணக்கு? நாப்பது ஆப்பிள்ல பாதி இருபது. நீங்க பத்தொம்பதுங்கறீங்க."

"பெட்டியில ரெண்டாவது அழுகியிருக்கும்."

"பஸ்ஸு? ரெண்டு மணி நேரத்துல போகணும். உங்க பஸ் ரெண்டு மணி ஆறு நிமிஷம் எடுத்துக்குது."

"ரூவி ரவுண்டானாவத் தாண்ட வேணாமா?"

"கேள்வியில ரவுண்டானாவே இல்லண்ணா!"

"கேள்வியில இல்ல மேடம். ரோட்டுல இருக்குல்ல."

நளினி விடைத்தாளால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். சோலையப்பனுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. அதற்குள் நளினி எழுந்து துறைத்தலைவர் அறைக்குப் போய்விட்டதால், இவரும் பின்னாலேயே போய்க் கதவுக்கு வெளியே நின்றார்.

துறைத்தலைவர் அனந்தகிருஷ்ணன் சட்டைப்பையில் சின்ன ஸ்கேல் வைத்துக்கொண்டு நடமாடுகிற மனிதர். உள்ளே அவர் குரல்தான் உயர்ந்து கேட்டது.

"கணக்குல சேதாரமெல்லாம் கிடையாது நளினி. விடை சரியா, தப்பா. அவ்வளவுதான்."

"இவருக்குக் கணக்குத் தெரியும் சார். ஏன் இந்த விடைன்னு நாமதான் கேக்கவே இல்ல. போன மாசம் உங்க வீட்டுக்கு வளையல் எடுத்தப்போ சேதாரம் குடுத்தீங்கல்ல?"

"அது நகைக்கடை!" என்றார் அனந்தகிருஷ்ணன். பிறகு, "மாணவர் உதவி மையம் இதுக்குத்தானே கட்டறோம், அது முடியறவரை வகுப்புலயே வச்சு இவருக்குச் சொல்லிக்குடு" என்று முடித்துவிட்டார்.

அந்த உதவி மையத்துக்குத் தரை போடும் வேலை சோலையப்பனின் கம்பெனிக்கே வந்தது. டேப் பிடித்துப் பார்த்தார்: எட்டுக்கு ஆறு. பரீட்சைக் கேள்விக்குச் சுவர் முளைத்த மாதிரி இருந்தது. அனந்தகிருஷ்ணன் தானே கணக்குப் போட்டுக் கையெழுத்திட்ட ஆர்டரில் டைல்ஸ் முந்நூறு என்று இருந்தது.

"சார், பதினஞ்சு கூடப் போட்டுக்கலாம்."

"இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ரெண்டு தடவை பெயிலானீங்க" என்றார் அவர், வேலையாட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி.

"சரி சார்" என்றார் சோலையப்பன். இருபது வருஷம் இன்ஜினியர்களோடு மல்லுக்கட்டியவர் சொல்லும் "சரி சார்" சம்மதம் ஆகிவிடாது. ஆனால் அனந்தகிருஷ்ணன் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்.

ஒரு மாதம் நளினி சோலையப்பனை உட்கார்த்திவைத்துப் பழக்கினார். "இது பேப்பர்ல இருக்கற ரூம்ணா. பேப்பர்ல டைல்ஸ் ஒடையாது" என்று தினமும் சொன்னார். சோலையப்பனும் தலையாட்டுவார். ஆனால் முதலில் சேதாரத்தோடு போட்டுப் பார்த்து, பிறகு அதைக் கழித்தால்தான் அவருக்கு மனசு ஆறியது. இரட்டிப்பு நேரம் பிடித்தது.

வியாழக்கிழமை பரீட்சையிலும் அதுவேதான் நடந்தது. நேரம் போதாமல் பல கேள்விகள் விட்டுப்போயின. கடைசியாக எழுதியது டைல்ஸ் கணக்கு, அதே எட்டுக்கு ஆறு. முந்நூறு என்று எழுதினார். ஜோதிமணி முகம் வந்துபோனது. கூடவே, யாரோ ஒரு கொத்தனார் மூலையில் நாலு டைல்ஸ் குறைந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்பது போலவும் தோன்றியது. மணி அடிக்கும் நேரத்தில் முந்நூறை அடித்துவிட்டு 315 என்று எழுதிக் கொடுத்து வந்தார். வெளியே வந்ததும் தன்னையே நன்றாகத் திட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் முந்நூறு டைல்ஸும் தீர்ந்தன. கதவுக்கு எதிரே, உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும் மூலையில், பதினோரு டைல்ஸ் அளவுக்கு வெறும் சிமெண்டு பல்லிளித்தது. மறுநாள் காலை திறப்பு விழா. பிரின்சிபால் ரிப்பன் வெட்டுகிறார்.

அனந்தகிருஷ்ணன் வந்து பார்த்தார். டேப்பால் நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார், மறுபடியும் நீளத்தை அளந்தார். "முந்நூறு போதுமே!" என்றார்.

"கணக்குக்குப் போதும் சார். செவுரு மூலைமட்டத்துல இல்ல, தூணச் சுத்தி வெட்ட வேண்டியதாயிருச்சு. நாலு டைல்ஸ் பெட்டியிலயே கீறலா வந்துச்சு."

அனந்தகிருஷ்ணன் கடைக்குப் போன் போட்டார். அந்தக் கலர் மாஃபி, சுத்தமாக இல்லை, அடுத்த சரக்குக்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த இடத்தில் பீரோவை நகர்த்தி வைக்கலாமா என்று கேட்டுவிட்டு, அவரே வேண்டாம் என்று சொல்லி, கவிழ்த்துவைத்த சிமெண்டு வாளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

சோலையப்பன் ஐந்து நிமிஷம் வேடிக்கை பார்த்தார். அந்த ஐந்து நிமிஷம் அவருக்கு இனிக்கத்தான் செய்தது, அதை மறைப்பானேன். பிறகு வேன் டிரைவரைக் கூப்பிட்டார்.

"யஹ்யா! அந்தப் பெட்டிய எறக்கு, யல்லா, சீக்கிரம்!"

பெட்டியில் அதே கலரில் பதினைந்து டைல்ஸ் இருந்தன.

"யாரு இதுக்குக் கையெழுத்துப் போட்டா?" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"யாரும் போடல சார். எங்க ஸ்டோர்ல சாதிக் பாட்ஷாகிட்ட எம் பொறுப்புல கேட்டு வாங்கி வச்சேன். பரீட்சையில நான் எழுதுற தப்பான விடைதான் சார் இது."

சாயங்காலத்துக்குள் தரை முடிந்தது. நாலு டைல்ஸ் மிஞ்சியது. அதை என்ன செய்ய என்று அனந்தகிருஷ்ணன் கேட்டார், இந்தத் தடவை மெதுவாக.

"வச்சுக்கங்க சார். என்னிக்காச்சும் ஒண்ணு ஒடையும்."

அடுத்த வாரம் நளினி விடைத்தாளைக் கொண்டுவந்தார். மேலே 58 என்று இருந்தது. பாஸ் மார்க் அறுபது. சோலையப்பன் தாளை மடிக்கப் போனார். "கீழ பாருங்கண்ணா" என்றார் நளினி. துறைத்தலைவர் தரக்கூடிய கருணை மதிப்பெண்ணுக்கு அங்கே ஒரு கட்டம் இருந்தது. அதில் சிவப்பு மையில், ஸ்கேல் வைத்தது போன்ற கையெழுத்தில் எழுதியிருந்தது: 'சேதாரம் ஐந்து சதவீதம். 60.9. ஆகவே 61.'

"அடுத்த பரீட்சையிலேருந்து ஒவ்வொரு கேள்விக்குக் கீழயும், ஏன் இந்த விடைன்னு எழுத ரெண்டு வரி இடம் விடணுமாம். சார் உத்தரவு" என்றார் நளினி.

சோலையப்பன் காலேஜ் வாசலில் நின்றே ஜோதிமணிக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டு அவள் ஒரு பாட்டம் அழுது முடித்தாள்.

"விசா எப்பங்க வரும்?"

"மூணு மாசத்துல வந்துரும்."

"மூணு மாசம்னா தொண்ணூறு நாள். உங்க கணக்குக்கு எத்தனைன்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன ஏற்பாடு பண்றேன்."

தொண்ணூற்று ஐந்து என்று வாய்வரை வந்துவிட்டது. சோலையப்பன் அதை விழுங்கினார்.

"தொண்ணூறுதான் ஜோதி. ஒரு நாளும் அதிகமில்ல. சேதாரமெல்லாம் இந்தப் பதினாலு வருஷத்துலயே போயிருச்சு."