பூச்சுக்கு முந்திய சுவர்

நாலு வாரமாகக் கொத்தனார் அந்த மேசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேசைதான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பெரிய பள்ளிக்கூடம் அது. வருஷா வருஷம் புதிதாக எழுத வந்தவர்களில் மூன்று பேரைப் பொறுக்கியெடுத்து, பத்து வாரம் அங்கேயே அறை கொடுத்து, மூன்று வேளைச் சோறும் போட்டு, 'உட்கார்ந்து எழுதுங்கள்' என்று விட்டுவிடுவார்கள். பதிலுக்கு வாரம் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு பேச வேண்டும். ஐந்தாவது வாரக் கடைசியில் இருபது பக்கம் காட்ட வேண்டும். காட்டாதவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஐம்பத்திரண்டு வயதில் கொத்தனாருக்கு இந்த யோகம் அடித்தது. கட்டட வேலையைப் பற்றி அவர் ஒரு பத்திரிகைக்கு எழுதிய இரண்டு கதைகளைப் படித்துவிட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமான்னு சொல்வாங்க. உனக்கு முதுகும் வளைஞ்சாச்சு, கையும் வளைஞ்சாச்சு. போய்ட்டு வா" என்று சொல்லித்தான் மனைவி பையைக் கட்டிக் கொடுத்தாள்.

பள்ளியில் எல்லோரும் அவரை 'எழுத்தாளர் ஐயா' என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

பக்கத்து அறையில் ஒரு இளம் கவிஞர். காலையில் மூன்று கவிதை, மதியம் இரண்டு என்று அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"எப்படித் தம்பி இவ்வளவு வருது?" என்று ஒருநாள் கேட்டார் கொத்தனார்.

"தெரியலண்ணே. வர்றத எழுதிடறேன். உங்களுக்கு வரலியா?"

"வருது தம்பி. வந்தது போக மாட்டேங்குது. அதான் தொல்லை."

கவிஞருக்குப் புரியவில்லை. புரிய நியாயமும் இல்லை. கொத்தனாருடைய எழுத்து பிறந்த விதம் வேறு.

மனைவிக்குக் கை ஒடிந்திருந்த வருஷம், மூத்த மகளைப் பன்னிரண்டு வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தி, தனக்குச் சித்தாளாகக் கூட்டிக்கொண்டு போனார் அவர். மனைவிக்குப் பதிலாகக் கல் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. அந்தப் பெண் சாப்பாட்டு நேரத்தில் சும்மா இருக்கவில்லை. துண்டுச் சாக்பீஸை எடுத்து, பூசாத செங்கல் சுவரில் தினம் இரண்டெழுத்து எழுதி, 'இதைப் பாருப்பா' என்பாள். மறுநாள் காலையில் அந்தச் சுவரில் தண்ணீர் அடித்துப் பூச்சு ஏறிவிடும். அதற்குள் மனதில் ஏற்றியாக வேண்டும். முப்பத்தெட்டு வயதில் அவர் எழுத்துப் படித்தது இப்படித்தான், பூச்சோடு ஓட்டப்பந்தயம் ஓடி. பிறகு கதை எழுத வந்தபோதும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. மத்தியானம் சுவரில் எழுதுவார். மறுநாள் அதன்மேல் தானே பூசுவார். பூசி முடித்த பிறகும் எது நெஞ்சில் நிற்கிறதோ அதை மட்டும் நோட்டில் ஏற்றுவார். பத்து வரியில் இரண்டு தேறும். அந்த இரண்டுதான் கதை.

இங்கே காகிதம் எதையும் மறக்க விடவில்லை. நேற்று எழுதிய அசட்டு வரி இன்றும் அப்படியே உட்கார்ந்து அவரைப் பார்த்தது. கிழித்துப் போட்டால் குப்பைக்கூடையில் கிடந்து முறைத்தது.

நாலாவது வாரம் முடிகிற சமயம், சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னாலிருந்து பூச்சுக் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது. காது தானாக அந்தப் பக்கம் போயிற்று, காலும் போயிற்று. புதிதாக நாலு வகுப்பறை எழும்பிக்கொண்டிருந்தது. செங்கல் வேலை முடிந்து, பூச்சு தொடங்கியிருந்தது. வேலையை நடத்துகிறவரை எல்லோரும் நெட்டையன் என்றார்கள். உண்மையிலேயே சாரம் போடாமல் பாதிச் சுவர் பூசக்கூடிய உயரம்.

"நாளைக்கு எந்தச் சுவர் பூசறீங்க?" என்று கேட்டார் கொத்தனார்.

"இந்தா, இது. ஏன் சார், மட்டம் பார்க்கப் போறீங்களா?"

"சார் வேணாம், அண்ணேன்னு சொல்லு. நீங்க சாப்பிடற நேரத்துல அதுல கொஞ்சம் எழுதிக்கிறேன். காலையில நீ தண்ணி அடிச்சுட்டுப் பூசிடு."

நெட்டையன் அவரை மேலும் கீழும் பார்த்தான். கையில் காய்ப்பைப் பார்த்ததும் மேற்கொண்டு கேட்கவில்லை. "எழுதிக்கோங்க. எனக்கென்ன, சுவர் கனக்கவா போகுது?"

அடைத்திருந்த குழாய் திறந்துகொண்டது போலாயிற்று. தினம் மத்தியானம் ஒரு சுவர். சாயங்காலம் நோட்டில் ஒன்றரைப் பக்கம். மூன்றாம் நாளே அவர் வகுப்புப் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு சுவரைப் படிக்க ஓடி வந்தார்கள். நாளைக்கு இது இருக்காது என்று தெரிந்ததால் ஒருத்தர்கூடக் கவனம் சிதறவில்லை. அவர் வகுப்பிலோ பாதிப்பேர் தூங்குவார்கள்.

ஐந்தாம் நாள், காலையில் பூச்சு ஏறப்போகிற தைரியத்தில், பதினாலு வருஷமாக எந்த நோட்டிலும் ஏற்றாததை எழுதினார். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய நாள்.

மறுநாள் போய்ப் பார்த்தால் சுவர் பூசாமல், எழுதியது எழுதியபடியே இருந்தது. முன்னால் நாலு நாற்காலி போட்டுக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. 'தொடாதீர்கள்' என்று அட்டை வேறு. நெட்டையன் கலவைச் சட்டியின்மேல் குந்தியிருந்தான்.

"அண்ணே, வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதையாச்சு. நேத்து சாயந்திரம் பெரிய மேடம் வந்து படிச்சாங்க. பூசக்கூடாதுன்னுட்டாங்க. நாலு பேரும் சும்மா உக்காந்திருக்கோம்."

பெரிய மேடம் என்பது தலைமையாசிரியை. அவரே வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது.

"ஐயா, பிள்ளைங்க அதைப் படிச்சுட்டு அழுதாங்க. நானும்தான். சுவர் இருந்தாத்தான் சித்திரம்னு சொல்வாங்க, எங்களுக்குச் சுவரே சித்திரமாயிடுச்சு. இதுக்குக் கண்ணாடி போடப்போறோம். பள்ளி மலர்லயும் போடறோம். வெள்ளிக்கிழமை நீங்க இருபது பக்கம்கூடக் காட்ட வேண்டாம். இதையே ஏத்துக்கலாம்னு சொல்லியிருக்கேன்."

நல்ல மனசுக்காரி. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நோட்டில் ஏழு பக்கம்தான் தேறியிருந்தது, வெள்ளிக்கு மூன்று நாள் பாக்கி. தலையை ஆட்டினால் அறை கையில் இருக்கும், மிச்சம் ஐந்து வாரமும் இருக்கும். ஆனால் மலர் அச்சாகும். மகளுக்குப் படிக்கத் தெரியும்.

"மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க மேடம்" என்றார்.

மகள் தையல் தொழிற்சாலையில் இருந்தாள். சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம் பார்த்து, கயிற்றுக்கு உள்ளே சுவரோரம் நின்று போன் போட்டார்.

"சொல்லுப்பா. ஒடம்புக்கு என்ன?" வாயில் சோற்றோடு பேசினாள்.

"ஒண்ணும் இல்ல. உன்னைப் பத்தி ஒண்ணு எழுதியிருக்கேன். படிக்கட்டுமா?"

"சாரத்துல ஏறிட்டு இறங்கத் தெரியாம உக்காந்திருந்தேனே, அதையா?"

"இல்ல. கேளு." விரலைச் செங்கல் செங்கலாக நகர்த்திப் படித்தார். "'அவள் கையிலிருந்து புத்தகப் பையை வாங்கினேன். அவள் அழுதாள். வழியெல்லாம் அழுதாள். அவள் கண்ணீரைக் கலவையில் குழைத்துத்தான் நான் ஊரான் வீட்டைக் கட்டினேன்.'"

அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் நின்றது.

"யாருப்பா அழுதது?"

"நீதான்."

"நானா? நான் அழல. மறுநாள் கணக்குப் பரீட்சை, தப்பிச்சோம்டான்னு குதிச்சுக்கிட்டு வந்தேன். அம்மா அழுதாங்க, அதுவும் கைவலியில. வழியெல்லாம் மூக்கைச் சிந்திக்கிட்டு வந்தது நீ. சளி பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

கொத்தனார் சுவரைப் பார்த்தார். சுவரில் அவள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

"அதோட, கண்ணீர் ஊத்தினா கலவை இறுகுமாப்பா? கொத்தனார் எழுதற எழுத்தா இது?"

"அப்போ நீ அழவே இல்லையா?"

"அழுதேன். அப்ப இல்ல. ஏழு வருஷம் கழிச்சு ஒருநாள்."

"எதுக்கு?"

"அது எதுக்கு உனக்கு? அதை எழுதாத. மணி அடிச்சுட்டாங்க, வைக்கிறேன்."

போனை மடியில் செருகிக்கொண்டு கொத்தனார் நெட்டையனிடம் போனார். "கலவை போடு."

"அண்ணே, அந்தக் கயித்தைத் தாண்டினா மேடம் என்னை வாசலைத் தாண்ட விட்டுருவாங்க."

"நான் தாண்டறேன். நீ கலவையை மட்டும் போடு. கரண்டி குடு."

நாலு வாளித் தண்ணீர் அடித்ததும் பாதி எழுத்து ஒழுகிப் போயிற்று. மீதியைப் பூச்சு மூடியது. ஒரு மாதமாகக் கரண்டி பிடிக்காத கை முதல் இரண்டு வீச்சுக்குத் தடுமாறி, மூன்றாவதிலிருந்து பழைய தாளத்துக்கு வந்துவிட்டது. பாதிச் சுவர் முடிந்திருந்தபோது தலைமையாசிரியை வந்து நின்றார். பின்னால் ஒரு வகுப்பே நின்றது.

"என்ன பண்றீங்க ஐயா?"

"கலவை இறுகிடும் மேடம். பூசிக்கிட்டே பேசறேன், தப்பா நினைக்காதீங்க."

"பிள்ளைங்க எவ்வளவு உருகிப்போய்ப் படிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். நடக்காத ஒண்ணுக்கு அழுதுட்டாங்க. என் மக அன்னைக்கு அழல. அவளைக் கேக்காம அவ கண்ணுல தண்ணி வரவச்சுட்டேன். அவளைப் பத்தி நினைச்சு நான் அழுதேன், அதை அவ கணக்குல எழுதிட்டேன்."

தலைமையாசிரியை ஈரப் பூச்சைப் பார்த்தார். "நேத்தே படம் பிடிச்சு வச்சிருக்கேன்" என்றார்.

"அதையும் அழிச்சிடுங்க மேடம்."

அவர் போனை எடுத்து ஏதோ அழுத்தினார். "அப்போ வெள்ளிக்கிழமை இருபது பக்கம். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி மேடம்."

போகத் திரும்பியவர் நின்றார். "அந்த மேல் மூலையை விட்டுட்டீங்க" என்றார். நெட்டையன் எம்பி அதைப் பூசினான்.

அந்த மூன்று நாளும் மகளுடைய சாப்பாட்டு நேரத்தில் கொத்தனார் போன் போட்டார். அவள் சொன்னாள். கணக்கு டீச்சருடைய பிரம்பு, முதல் நாள் செங்கல் சுமந்து தலை எரிந்தது, 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தபோது அப்பா அதை ஒரு கதவுக் கொண்டி என்று நினைத்தது. இந்தத் தடவை காகிதம் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. தப்பாகப் போனால் திருத்த ஆள் இருந்தாள். ஏழு வருஷம் கழித்து அழுததைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அந்த இடத்தில் 'ஏழு வருஷம் கழித்து ஒருநாள் அழுதாளாம். ஏன் என்று அவள் சொல்லவில்லை' என்று மட்டும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை பதினாறு பக்கம் இருந்தது. தலைமையாசிரியையும், பத்திரிகையில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய ஒரு பெரியவரும் அவர் எதிரிலேயே படித்தார்கள். பெரியவர் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"ஏன் அழுதாள்னு சொல்லாம விட்டா வாசகன் கேப்பானே?"

"நானும் கேட்டேன் சார். சொல்லல."

"கதைதானே? கற்பனை பண்ணி எழுதலாமே."

"ஒரு தடவை பண்ணினேன் சார். அதுக்குத்தான் செவ்வாக்கிழமை கலவை குழைச்சேன்."

தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. பெரியவர் சிரிக்கவில்லை. "நாலு பக்கம் குறையுது" என்றார். "வெளியில கொஞ்சம் இருங்க. பேசிட்டுக் கூப்பிடறோம்."

வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தார். உள்ளே இரண்டு குரலும் ஏறி இறங்குவது கேட்டது, சொல் கேட்கவில்லை. மகள் அவளாகவே போன் போட்டாள்.

"என்னப்பா சொன்னாங்க?"

"நாலு பக்கம் குறையுதாம். உள்ள பேசிக்கிட்டிருக்காங்க."

"அனுப்பிட்டா என்ன செய்வ?"

"நெட்டையன்கிட்ட ஆள் குறையுதாம். இல்லாட்டி வீட்டுக்கு வருவேன். உங்கம்மா பேசறதைக் கேக்கணும், அதுதான் யோசனையா இருக்கு."

அவள் சிரித்தாள். பிறகு தையல் மெஷின்களின் சத்தம் குறைந்தது. எங்கோ ஒதுக்குப்புறமாக நடந்து போயிருக்க வேண்டும்.

"அப்பா, அந்த ஏழாவது வருஷம்."

கொத்தனார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எழுதட்டுமா?"

"வேணாம். சும்மா கேளு."

பேனாவை மூடிப் பையில் வைத்தார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். அலுவலகக் கதவு திறந்தது. தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, "உள்ள வாங்க ஐயா" என்றார். கொத்தனார் போனைக் காதிலிருந்து எடுக்காமல், இன்னொரு கையைத் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினார்.